‘ஒண்ணும் ஆகாது தம்பி’

ஒரு இளைஞர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ‘ஒண்ணும் ஆகாது தம்பி’ என்றேன். பிறகு நடந்ததில் பாதி என் கத்தி செய்தது. மீதி அந்த வாக்கியம் செய்தது. இரண்டுக்கும் நானே பொறுப்பு.

நான் பொது அறுவை மருத்துவன். தென் மாவட்டம் ஒன்றில் தனியார் மருத்துவமனைகளில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இங்கே என் பெயரைப் போடவில்லை. போட்டால் எங்கள் பக்கத்தில் அந்த இளைஞர் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அந்தச் சம்மதம் எப்படிக் கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அது 2011. அவருக்கு 26 வயது. லேத் பட்டறையில் வேலை. கல்யாணம் நிச்சயமாகித் தேதியும் குறித்துவிட்டார்கள். அவருக்கு முன்தோல் இறுக்கம். சாதாரணமாக இருக்கும்போது தோல் பின்னுக்கு வரும். விறைப்பில் வராது, வலிக்கும். சிறுநீர் போவதில் தொந்தரவு இல்லை. வெடிப்பு இல்லை, தழும்பு இல்லை, சர்க்கரை இல்லை. ஃபைமோசிஸ் என்று சீட்டில் எழுதினேன். ஆண் குழந்தை பிறக்கும்போது முன்தோல் மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். வளர வளர அதுவாக விலகும். சிலருக்கு வாலிபத்திலும் இறுக்கம் தங்கிவிடும். அவருக்கு இருந்தது அந்த அளவுதான்.

அதற்குக் களிம்பு இருக்கிறது. பீட்டாமெத்தசோன். சில வாரம் தடவி, கையால் மெதுவாகத் தோலைத் தளர்த்திவர வேண்டும். தழும்பில்லாத இறுக்கம் பலருக்கு அதிலேயே இளகிவிடும். இளகாவிட்டாலும் முழுத் தோலையும் எடுக்க வேண்டும் என்றில்லை. இறுகிய வளையத்தில் மட்டும் சிறியதாக வெட்டி, அகலமாக்கித் தைக்கலாம். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? பணத்துக்காகவா என்று கேட்பீர்கள். பணமும் ஒரு காரணம். களிம்பு எழுதினால் ஓ.பி. சீட்டோடு முடிந்துவிடும், ஆபரேஷன் என்றால் தியேட்டர், அறை, என் கட்டணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அலட்சியம். முன்தோலை வெட்டி எடுக்கும் சர்கம்சிஷனை நான் ஒரு ஆபரேஷனாகவே நினைத்ததில்லை. ஹவுஸ் சர்ஜன்கள் செய்து பழகும் வேலை அது. குடல் ஓட்டையும் பித்தப்பையும் பார்க்கிற என்னைப் போன்றவன் அதைப் பற்றி உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருப்பதா என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. அந்தத் திமிருக்கு வேறு பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

ஓ.பி. அறையில் அவருடைய அப்பாதான் பேசினார். கல்யாணத் தேதி, லீவு, செலவு எல்லாம் அவர்தான் கேட்டார். மகன் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பா பணம் கட்டக் கவுன்டருக்குப் போனதும் அவர் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு கேட்டார்.

“சார், பின்னாடி… உணர்ச்சில ஏதும் வித்தியாசம் தெரியுமா?”

அதைக் கேட்க அவர் எவ்வளவு கூச்சப்பட்டிருப்பார் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. அடுத்த சீட்டை எடுத்தபடி பதில் சொன்னேன். “ஒண்ணும் ஆகாது தம்பி. ஊர்ல எத்தன பேரு சின்ன வயசுலயே பண்ணிக்கிறாங்க. அவங்கல்லாம் குடும்பம் நடத்தலையா?”

அவர் தலையாட்டினார். டாக்டர் சொல்லிவிட்டார், அதற்கு மேல் என்ன இருக்கிறது?

அந்தப் பதிலில் இருந்த ஓட்டையைச் சொல்கிறேன். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சுன்னத் செய்கிறார்கள். அது அவர்கள் மார்க்கம். அதைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. ஆனால் அவர்களை நான் சாட்சிக்கு இழுத்தது தவறு. ஐந்து வயதில் செய்துகொண்டவருக்கு முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட எதுவும் கிடையாது. அவர் அறிந்த உடம்பு அதுதான். 26 வயதில் செய்துகொள்பவருக்கு முன்பும் தெரியும், பின்பும் தெரியும். ‘வித்தியாசம் தெரியுமா?’ என்ற கேள்வியே வளர்ந்தவருடைய கேள்வி. அதற்குக் குழந்தைகளைக் காட்டிப் பதில் சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார். மேஜரான மகன் பக்கத்திலேயே நின்றார். அவரிடம் யாரும் பேனாவை நீட்டவில்லை.

சட்டம் தெரியாமல் செய்ததல்ல இது. 2008-ல் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது: என்ன செய்யப் போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்கு விளக்கிய பிறகு வாங்குவதுதான் சம்மதம். அந்தத் தீர்ப்பைப் பற்றி எங்கள் மருத்துவர் கூட்டத்தில் பேசினோம். நானும் போயிருந்தேன். படிவத்தில் இன்னும் நாலு வரி சேர்த்தோம். நோயாளியிடம் பேசும் நேரத்தை ஒரு நிமிடம்கூட நான் கூட்டவில்லை.

இனி தியேட்டர்.

சிஸ்டர் டிராலியில் சின்னக் கிண்ணத்தில் ஜென்ஷியன் வயலட்டும் ஒரு குச்சியும் வைத்திருந்தார். உறுப்பு இயல்பாகக் கிடக்கும்போது, மொட்டின் விளிம்பு தோலுக்கு மேல் தெரியும் இடத்தில் சுற்றிலும் கோடு போட வேண்டும். எவ்வளவு தோலை எடுக்கிறோம், எவ்வளவை விடுகிறோம் என்பது அந்தக் கோட்டில் இருக்கிறது. விறைப்பின்போது தண்டு நீளும். அந்த நீளத்துக்கும் போதுமான தோலை விட வேண்டும். கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். “எதுக்கு சிஸ்டர், சின்னக் கேஸ்தானே” என்றேன். அடுத்த டேபிளுக்கு ஒரு ஹெர்னியா காத்திருந்தது.

மரப்பு ஊசி போட்டேன். இரண்டு ஃபோர்செப்ஸால் முன்தோலின் நுனியைப் பிடித்து மேலே இழுத்தேன். இங்கேதான் தவறினேன். இழுத்தால் முன்தோல் மட்டும் வராது. தண்டின் தோலும் சேர்ந்து ஏறி வரும். கோடு போட்டிருந்தால் அந்தக் கோடு மேலே ஏறுவதைக் கண் பார்த்திருக்கும். கோடு இல்லை. கிளாம்ப்பை வைத்தேன். அதன் மேல் விளிம்பையொட்டி வெட்டினேன். கையை விட்டதும் வெளித்தோல் பின்னுக்குப் போனது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் போனது. உள்தோல் மீதி இருந்ததால் இரண்டு விளிம்பையும் இழுத்துச் சேர்க்க முடிந்தது. சேர்ந்துவிட்டதே, அது போதும் என்று நினைத்தேன்.

அடிப்பக்கம், மொட்டையும் தோலையும் இணைக்கும் மெல்லிய மடிப்பில் ரத்தம் கசிந்தது. சுட்டு ரத்தத்தை நிறுத்தும் பைபோலார் காட்டரி இருந்தது. அதை எடுத்து இணைக்கச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். கையில் இருந்த மோனோபோலார் காட்டரியால் சுட்டேன். ஆணுறுப்பில் அந்தக் கருவி வேண்டாம் என்று மாணவனாக இருக்கும்போதே படித்திருக்கிறேன். ரத்தம் நின்றது. தையல் போட்டு, கட்டுக் கட்டி, ஹெர்னியாவுக்குப் போனேன்.

முதல் டிரெஸ்ஸிங்குக்கு வந்தபோது எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. கல்யாணம் நடந்தது. பத்திரிகை வைத்திருந்தார்கள். நான் போகவில்லை.

சில மாதம் கழித்து அவர் தனியாக வந்தார். ஓ.பி. முடியும் வரை காத்திருந்து கடைசியாக உள்ளே வந்தார்.

“தோல் பத்தல சார்” என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். நிமிரும்போது சுற்றிலும் இழுக்கிறது. அடியில் விதைப்பைத் தோல் மேலே ஏறி வருகிறது. முடி உள்ள தோல் தண்டின் பாதி வரைக்கும் வந்துவிட்டது. மொட்டின் மேல் பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. அடியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தொட்டால் சுண்டி இழுக்கிறது. “டர்னிங்ல ஒரு தடவ அதிகமா சீவிட்டோம்னா அந்த பீஸ் போச்சு சார். திரும்ப ஒட்ட வைக்க முடியாது. அது மாதிரி எதுவும் ஆயிருச்சா?” குரலை உயர்த்தாமல் கேட்டார். சண்டை போட வந்தவர் அல்ல அவர்.

படுக்க வைத்துப் பார்த்தேன். தையல் ஆறியிருந்தது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அடியில் விதைப்பைத் தோல் கூடாரம்போல மேலே இழுபட்டிருந்தது. தண்டில் இருக்க வேண்டிய தோலில் கணிசமான பங்கு இல்லை. அதை நான் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தேன்.

நான் சொல்ல வந்த குற்றம் இதுதான். கோடு போடாதது அலட்சியம். களிம்பைச் சொல்லாதது திமிரும் பேராசையும். ஆனால் அன்று செய்தது பொய். தெரிந்தே சொன்ன பொய்.

“நல்லாத்தான் ஆறியிருக்கு தம்பி. கல்யாணமான புதுசு, பயம் இருக்கும். மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றேன். பி காம்ப்ளக்ஸ் எழுதினேன். கூடவே பதற்றத்துக்கு அல்பிரசோலம். கேஸ் ஷீட்டில் ‘காயம் ஆறிவிட்டது, உடலில் கோளாறு இல்லை, தைரியம் சொல்லப்பட்டது’ என்ற பொருளில் எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த வரியை நோயாளிக்காக எழுதவில்லை. நாளைக்கு நீதிமன்றத்துக்குப் போனால் என்னைக் காப்பாற்ற எழுதினேன்.

பயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1995-ல் வி.பி. சாந்தா வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு மருத்துவமனைகளும் நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டன. புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு. அந்த இரண்டு வருடத்தை நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் வேறு டாக்டரிடம் போய்விடக் கூடாதே என்றுதான் நினைத்தேன். அவருக்குச் சரியாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இப்படி ஒரு மனம் எனக்கு இருந்தது.

அவர் மேலும் சில முறை வந்தார். ஒவ்வொரு முறையும் அதே பதில். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அந்தக் காலத்தில் அவர் வீட்டில் என்ன நடந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. நெருங்கினால் வலி. வலிக்குமே என்ற பயத்தில் விலகல். டாக்டரே மனசு என்று சொல்லிவிட்டதால், தன் மனதில்தான் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அவர் நம்பினார். மனைவி, தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தார். அந்தப் பெண்ணுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆபரேஷன் நடந்ததே அவருக்குத் தெரியாது. ‘விசேஷம் இல்லையா?’ என்று கேட்கிற உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஒரு கட்டத்தில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளைக்கு ஆண்மை இல்லை என்று அங்கே பேச்சு. பெண்ணிடம் ஏதோ குறை என்று இங்கே பேச்சு. இருவர் மேலும் பழி விழுந்தது. என் பெயரை அந்தப் பேச்சில் யாரும் எடுக்கவில்லை. எடுக்க முடியாதபடி நான் எழுதி வைத்திருந்தேன்.

அவருடைய அப்பா ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் என்னை நிறுத்தினார். “நாந்தான சார் கையெழுத்துப் போட்டேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மகனுக்குக் கெடுதல் செய்தது தான் என்று அந்த மனிதர் நினைத்திருந்தார். அதை மறுத்து ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். “வரேன்” என்று காரில் ஏறினேன்.

பிறகு பெரிய ஊரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எனக்குக் கடிதம் எழுதினார். அவரிடம் அந்த இளைஞர் போயிருந்தார். தண்டுத் தோல் போதாமை, அதனால் விறைப்பில் வளைவு, அடியில் விதைப்பைத் தோல் இறக்கை போல் ஏறியிருப்பது, மடிப்பு இருந்த இடத்தில் தொட்டால் வலிக்கும் தழும்பு முடிச்சு என்று ஒவ்வொன்றாக எழுதி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டப் போவதாகச் சொல்லியிருந்தார். அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டிருந்தார். குற்றம் சாட்டும் ஒரு சொல் அதில் இல்லை. நகலை அனுப்பினேன். கோடு போடவில்லை என்பதை அந்தக் குறிப்பில் நான் எழுதியிருக்கவே இல்லை.

அதற்கப்புறம்தான் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டியதை.

முன்தோல் வெறும் உறை அல்ல. வெளித்தோலும் உள்தோலுமாக இரண்டு அடுக்கு மடிந்தது. கனடாவில் வின்னிபெக் நகரின் நோய்க்குறியியல் மருத்துவர் ஜான் டெய்லரும் அவர் சகாக்களும் 1996-ல் பிரிட்டிஷ் சிறுநீரகவியல் இதழில் எழுதினார்கள்: உள்தோலின் நுனிப் பக்கத்தில் வரிவரியான ஒரு பட்டை இருக்கிறது, அதில் தொடுவுணர்வு நரம்பு முனைகள் செறிந்திருக்கின்றன. ஆபரேஷனில் முதலில் போவது அந்தப் பட்டை. அதோடு, தோல் தன்மேல் தானே முன்னும் பின்னும் வழுக்குகிற தன்மையும் போகிறது. இதனால் எல்லாருடைய இன்பமும் குறையும் என்று சொல்ல முடியாது. ஒன்றுமே மாறாது என்றும் சொல்ல முடியாது.

ஆய்வுகளும் ஒரே திசையில் பேசவில்லை. தென்கொரியாவில் அமெரிக்கச் செல்வாக்கால் சர்கம்சிஷன் பழக்கம் பரவியது. அங்கே பையன்களுக்குப் பன்னிரண்டு வயது வாக்கில், சிலருக்கு வாலிபத்தில் செய்கிறார்கள். 2007-ல் கிம், பாங் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், செய்துகொண்ட பிறகு தாம்பத்தியம் மோசமானது என்றவர்கள் 20 சதவீதம், மேம்பட்டது என்றவர்கள் 6 சதவீதம். சுயஇன்பத்தில் இன்பம் குறைந்தது என்றவர்கள் 48 சதவீதம். அடுத்த வருடம் கென்யாவின் கிசுமு நகரிலிருந்து வந்த ஆய்வு நேர்மாறு. 18 முதல் 24 வயது வரையிலான 2,784 இளைஞர்களை இரு தரப்பாகப் பிரித்து, இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பாலுறவுக் கோளாறில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. செய்துகொண்டவர்களில் 64 சதவீதம் பேர் உணர்ச்சி நன்றாகக் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். அது எச்.ஐ.வி. தடுப்புக்காக நடந்த சோதனை. இப்படிச் சோதனை நடந்த தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா மூன்று இடங்களிலும் பெண்களிடமிருந்து ஆண்களுக்குத் தொற்றுவது ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. அதை நம்பித்தான் 2007-ல் உலக சுகாதார நிறுவனம் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது.

இரண்டு ஆய்வுகளும் நான் கத்தி எடுப்பதற்கு முன்பே அச்சில் வந்தவை. படித்திருந்தால் அந்த இளைஞரிடம் என்ன சொல்லியிருப்பேன்? ‘பலருக்கு வித்தியாசம் தெரியாது தம்பி. சிலருக்கு நல்லதாகப்படுகிறது. சிலருக்குக் குறைந்துபோகிறது. நீங்கள் எந்தப் பக்கம் விழுவீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. போன தோல் திரும்பாது.’ இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இன்னும் சொல்லியிருக்க வேண்டும். தோல் அதிகமாகப் போனால் விறைப்பில் இழுப்பும் வளைவும் வரலாம். தழும்பு தடிக்கலாம். தோலுக்கும் மொட்டுக்கும் இடையில் பாலம்போல ஒட்டிக்கொள்ளலாம். தையல் போட்ட இடத்தில் சின்னச் சுரங்கம்போலத் துளைகள் நிற்கலாம். சிறுநீர்த் துவாரம் சுருங்கலாம். மிக அரிதாக, சிறுநீர்க் குழாயில் ஓட்டை விழலாம், மொட்டிலேயே காயம் படலாம். பெரும்பாலோருக்கு இவை எதுவும் வருவதில்லை. பயிற்சி பெற்றவர் கோடு போட்டு நிதானமாகச் செய்தால் இன்னும் குறையும். ஆனால் வருகிறவருக்கு அது வாழ்நாள் முழுவதும் இருக்கும்.

வளரிளம் பிள்ளைகள் விஷயத்தில் ஆப்பிரிக்கத் திட்டமே தன் அனுபவத்தில் பாடம் கற்றது. பத்து முதல் பதினான்கு வயதுப் பையன்களிடம் சிறுநீர்க் குழாய் ஓட்டையும் மொட்டுக் காயமும் தெரியவந்தன. பிறகு 2020-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் பக்கம் நகர்ந்தது. தானே யோசித்துச் சம்மதம் சொல்லும் வயது என்பதும் ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவில் சடங்கு முறையில் 18 வயதில் செய்துகொண்டு உறுப்பையே இழந்த ஒரு இளைஞருக்கு, 2014 டிசம்பரில் கேப் டவுனில் ஆந்த்ரே வான் டெர் மெர்வே தலைமையிலான குழு, இறந்தவர் ஒருவரின் உறுப்பைப் பொருத்தியது. ஒன்பது மணி நேர ஆபரேஷன். உலகில் நீடித்து வேலை செய்த முதல் ஆணுறுப்பு மாற்று அதுதான். சின்னக் கேஸ் என்று நான் சொன்னது சர்கம்சிஷனைத்தான்.

படித்ததெல்லாம் தலையில் இருந்தது. வாய் திறக்கவில்லை. திறந்தது என் உடம்பில் பட்ட பிறகுதான். இதுவும் என் மேல் உள்ள குற்றச்சாட்டுகளில் ஒன்று என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குச் சர்க்கரை உண்டு. டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறேன். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால் சிலருக்கு முன்தோலில் பூஞ்சை வரும். எனக்குத் திரும்பத் திரும்ப வந்து, தோல் வெடித்து, தழும்பாகி இறுகியது. களிம்பு கேட்கவில்லை. இப்படித் தழும்பேறிய இறுக்கத்துக்கும், லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்ற வெண்படல நோய்க்கும் சர்கம்சிஷன்தான் சரியான சிகிச்சை. அதை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் செய்தார்கள்.

என்னைவிட மிகவும் இளையவரான ஒரு யூராலஜிஸ்ட் செய்தார். வேறு வழிகள், வரக்கூடியவை, நிலைக்கக்கூடியவை என்று எல்லாவற்றையும் தமிழில் என்னிடம் சொன்னார். ‘சார், உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனா சொல்றது என் கடமை’ என்றார். வயலட் கோட்டைப் போட்டுவிட்டு எனக்குக் காட்டினார். முதல் சில வாரம் வேட்டி பட்டாலே கூசியது. பிறகு அந்தக் கூச்சம் போய், முன்பைவிட மங்கலான ஓர் உணர்வே மிஞ்சியது. எனக்கு அது பெரிய இழப்பில்லை. வயது அப்படி. ஆனால் வித்தியாசம் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது. 26 வயதுப் பையன் கேட்ட கேள்விக்கு என் உடம்பு பதில் சொல்லிவிட்டது.

அந்தப் பிளாஸ்டிக் சர்ஜன் மூலமாக அந்த இளைஞரிடம் கேட்டனுப்பி, அவர் சரி என்ற பிறகு போய்ப் பார்த்தேன். தோல் ஒட்டியதில் இழுப்பு பெரும்பாலும் சரியாகிவிட்டது. உணர்வு திரும்பவில்லை. ஒட்டிய தோலுக்கு அந்தத் தோலின் வேலை தெரியாது. மனைவி திரும்பி வந்திருந்தார். ஒரு குழந்தை இருக்கிறது. இதை வைத்து எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. இடையில் போன வருடங்கள் அவர்களுடையவை.

நடந்ததைச் சொன்னேன். கோடு போடாதது, காட்டரி, களிம்பு, அல்பிரசோலம், கேஸ் ஷீட்டில் எழுதிய வரி. அவரை மனநோயாளி ஆக்கியது தெரிந்தே செய்தது என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் என் கையால் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள் என்றேன்.

அவர் தாளை இரண்டு தடவை படித்தார். “நீங்க அன்னிக்கே எல்லாம் சொல்லிருந்தா நான் பண்ணிருக்கவே மாட்டேன்னு சொல்ல மாட்டேன் சார். பண்ணிருப்பேனோ என்னமோ. கல்யாணத் தேதி வேற. ஆனா அது நானா எடுத்த முடிவா இருந்திருக்கும். அப்புறம் வந்து வலிக்குதுன்னு சொன்னப்பயாவது நம்பிருக்கலாம்ல?”

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். யோசித்தார். “ஊரு பேரு வேண்டாம். மத்ததெல்லாம் எழுதுங்க” என்றார். அவரிடம் நான் ஒழுங்காக வாங்கிய முதல் சம்மதம் அது.

அவருடைய அப்பா அதற்குள் காலமாகிவிட்டார். அந்தக் கையெழுத்தைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு இனி வழியில்லை.

வாசகர்களில் யாராவது இந்த ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால், உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். எனக்குத் தழும்பு இருக்கிறதா, வெறும் இறுக்கமா? களிம்பு போட்டுப் பார்த்தோமா? தோல் முழுவதும் போக வேண்டுமா? எவ்வளவு விடுவீர்கள்? உணர்வில் என்ன மாறலாம்? கூச்சமாக இருந்தால் தாளில் எழுதிக் கொடுங்கள். படிவத்தில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள், தமிழில் கேளுங்கள். ஏற்கெனவே செய்துகொண்டு, இழுக்கிறது, மரக்கிறது, வலிக்கிறது என்று போய் நின்றபோது ‘மனசுதான்’ என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தால், இன்னொரு யூராலஜிஸ்டிடம் காட்டுங்கள். உங்கள் கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருட விதி. மூன்று வருடத்துக்கு மேல் அதை வைத்திருக்கும் கட்டாயம் இல்லை. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.